சரபோஜியின் பிள்ளை கடல் தாண்டிய கதை

குத்தாலத்து வயலில் விளைந்த நெல்லுக்கும் தஞ்சாவூர் அரண்மனைக்காகத் தீட்டிய ஒரு படத்துக்கும் கொடுக்கல் வாங்கல் கணக்கு ஒன்று உண்டு. 1799 அக்டோபர் 25ஆம் தேதி இரண்டாம் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தஞ்சாவூர்ச் சீமையின் ஆட்சி கம்பெனிக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதை ஒட்டிய கொஞ்ச இடமும்தான். அதற்கு ஈடாக வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், சீமையின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் தருவதாகப் பேச்சு. மாயவரம், குத்தாலம், திருவிடைமருதூர் என்று காவிரிக் கரையில் குடியானவர்கள் கட்டிய கிஸ்தி கம்பெனி கஜானாவுக்குப் போய், செலவெல்லாம் கழிந்து, ஐந்தில் ஒன்றாகச் சுருங்கி அரண்மனை வாசலுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பணத்தில்தான் சரபோஜி புத்தகம் வாங்கினார், வைத்தியசாலை நடத்தினார், அச்சுக்கூடம் வைத்தார், சித்திரக்காரர்களுக்குக் கூலி கொடுத்தார்.

அப்படித் தீட்டிய படங்களில் ஒன்றில் இருப்பவர்கள் இரண்டு பேர்: சரபோஜியும், அவருடைய மகன் சிவாஜியும். படம் 1822க்கும் 1827க்கும் இடையில் தீட்டப்பட்டிருக்கலாம் என்பது தமிழகக் காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு சொன்ன கணக்கு. இன்றைக்கு அந்தப் படத்தின் பெயர் ஓவிய ரசிகர்களைவிட வழக்குக் கட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். அது எப்படிக் கடல் தாண்டியது என்று சொல்வதற்கு முன்னால், அந்தப் பிள்ளை படத்துக்குள் ஏன் வந்தான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் திருட்டை மட்டும் பேசினால், போனது 35,000 டாலர் மதிப்புள்ள ஒரு சரக்கு என்றுதான் ஆகும்.

பிள்ளைகளை வரைந்த படம் எதுவானாலும் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் பூஜை அறையில் தஞ்சாவூர்ப் பலகைப் படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். பெரும்பாலும் வெண்ணெய்க் கிருஷ்ணன். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியைக் கோந்தில் குழைத்து மேடு கட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டி முடித்த படம். கண்ணும் மூக்கும் உதடுமாக முகத்தை எழுதுகிற வேலை கடைசிக்குத்தான் வரும். குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், உடம்பெல்லாம் நகை. சில படங்களில் பக்கத்தில் ஒரு பசுவோ கன்றோ நிற்கும். அந்தக் கன்றை மறைத்துவிட்டுப் பாருங்கள். ராஜ குமாரன் என்று சொல்லலாம், செட்டி வீட்டுப் பிள்ளை என்றும் சொல்லலாம். கன்று வந்த பிறகுதான் ஆயர்பாடி வருகிறது, யசோதை வருகிறாள், திருட்டு வெண்ணெய் வருகிறது.

இதே விஷயத்தை ஸ்பெயின் ஓவியர் கோயா பயம் கொள்ளும்படி செய்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் மனுவேல் என்ற பிரபு வீட்டுச் சிறுவன் சிவப்பு உடுப்பில் நிற்கிறான். மூன்று, நான்கு வயது இருக்கும். கையில் ஒரு நூல். நூலின் மறுமுனையில் காக்கை இனத்தைச் சேர்ந்த மாக்பை பறவை. அதன் அலகில் கோயாவின் பெயர் எழுதிய சீட்டு. ஒரு பக்கத்தில் கூண்டுக்குள் சின்னக் குருவிகள். மறுபக்கத்தில் மூன்று பூனைகள். இரண்டு பூனைகள் கண் கொட்டாமல் பறவையையே பார்க்கின்றன. மூன்றாவது இருட்டோடு இருட்டாகக் கிடக்கிறது. பையன் பூனைகளைக் கவனிக்கவே இல்லை. நூல் கை தவறினால் என்ன ஆகும் என்பது பார்க்கிற நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இந்தப் படம் 1787-88இல் வரைந்தது. 1792இல், எட்டு வயதில், மனுவேல் இறந்துபோனான். வரையும்போது கோயாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பெற்ற பிள்ளை பிழைத்துக் கிடப்பது நிச்சயமில்லாத காலம் அது. அந்த நிச்சயமின்மை பூனையாக வந்து உட்கார்ந்துகொண்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

அதே 1787இல் தஞ்சாவூரில் இன்னொரு பையனைச் சுற்றியும் பூனைகள் இருந்தன. மன்னர் துளஜா சாகக் கிடந்தார்; வாரிசு இல்லை. போன்ஸ்லே குடும்பத்தின் இன்னொரு கிளையிலிருந்து ஒரு பையனைத் தத்து எடுத்தார். பத்து வயது நிரம்பாத அந்தப் பையன்தான் சரபோஜி. தரங்கம்பாடி வழியாக வந்து தஞ்சாவூரில் தங்கியிருந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் பொறுப்பில் அவனை விட்டுவிட்டு மன்னர் கண் மூடினார். உடனே துளஜாவின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி அமர்சிங் ஆட்சியைப் பிடித்தார். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னார்கள், கம்பெனியும் ஒப்புக்கொண்டது. பையனை அரண்மனைக்குள் அடைத்துவைத்தார்கள். சுவார்ட்ஸ் விடாமல் கம்பெனிக்கு எழுதியதால் அவனைச் சென்னைக்கு அனுப்பினார்கள். படிப்பு அங்கே தொடர்ந்தது. பிறகு வேறு பண்டிதர்களைக் கேட்டார்கள். தத்து செல்லும் என்று பதில் வந்தது. 1798 ஜூன் 29ஆம் தேதி சரபோஜிக்குப் பட்டம் கட்டினார்கள். சுவார்ட்ஸ் அதைப் பார்க்க இல்லை; அந்த வருஷம் பிப்ரவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பதவி இழந்த அமர்சிங் வந்து குடியேறியது குத்தாலத்துக்கு மேற்கே ஆடுதுறையையும் தாண்டியிருக்கிற திருவிடைமருதூரில். அங்கேயும் ஓர் அரண்மனை, ஒரு சபை, பாட்டு, கூத்து எல்லாம் நடந்தன. கனம் கிருஷ்ணையர் பாடியது அந்தச் சபையில்தான்.

ஆக, 'இவன் யாருடைய பிள்ளை?' என்ற ஒற்றைக் கேள்வி சரபோஜியின் பதினொரு வருஷத்தைத் தின்றிருக்கிறது. ஒரு பிள்ளை பிள்ளைதானா என்று சாஸ்திரம் பார்த்தார்கள், கவர்னர்கள் தீர்ப்பு சொன்னார்கள், ஒரு முறை இல்லை என்றும் மறுமுறை ஆம் என்றும் சொன்னார்கள். பட்டம் வந்த பதினாறாவது மாதத்தில் நாடு போயிற்று. அப்படிப்பட்டவர் தன் மகனோடு சேர்த்துத் தன்னை வரையச் சொல்லியிருக்கிறார் என்றால், அந்தப் படத்தைக் குடும்பப் படம் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. நாட்டுக்குப் பதில் கோட்டை, படைக்குப் பதில் புத்தகம் என்று ஆகிவிட்ட ராஜாவிடம், ராஜா என்ற பெயரைத் தாங்க மிச்சமிருந்தது வம்சம் ஒன்றுதான். டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், நிலம் கைவிட்டுப் போனவர் பத்திரமாக வைத்துக்கொண்ட பட்டா அந்தப் படம். அதில் மகன்தான் முத்திரை.

பையனைப் பற்றி நேரில் பார்த்த ஒருவரின் சாட்சி நமக்குக் கிடைத்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1826 மார்ச்சில், ஈஸ்டர் சமயம், தஞ்சாவூர் வந்தார். சரபோஜியைப் பார்த்து அசந்துபோனார். லவாய்சியர், லின்னேயஸ், புஃபோன் என்று ஐரோப்பிய விஞ்ஞானிகளைச் சர்வ சாதாரணமாகப் பேசுகிற மன்னர். குதிரை பார்ப்பதில் கெட்டிக்காரர், புலி வேட்டையில் குறி தப்பாதவர். பக்கத்தில் மகன். பதினேழு வயது, வெளிறிய முகம், நோஞ்சான் உடம்பு, தட்டுத் தடுமாறிய இங்கிலீஷ். இவனுக்குச் சரியான வாத்தியார் தஞ்சாவூரில் கிடைக்கவில்லையே என்று தகப்பனார் வருத்தப்பட்டாராம். ஹீபர் மனம் இளகி, பையனைத் தன்னோடு அழைத்துப்போய்க் கல்கத்தாவில் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் படிக்கவைப்பதாகச் சொன்னார். தகப்பன் ஆவலோடு பிடித்துக்கொண்டார். பையனுக்கும் ஆசைதான், வாய்விட்டுச் சொல்லத் தயக்கம். அம்மா சம்மதிப்பாளா என்பதுதான் இருவருக்கும் சந்தேகம்.

மறுநாள் ராணியிடமிருந்து, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மூலமாகப் பதில் வந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள்; மிஞ்சியது இவன் ஒருவன், அவனும் சீக்காளி; போனால் உயிரோடு திரும்ப மாட்டான், அவனைப் பிரிந்தால் தன் உயிரும் தங்காது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். இதையெல்லாம் ஹீபர் ஏப்ரல் 1ஆம் தேதி திருச்சியிலிருந்து ஒரு கடிதத்தில் எழுதினார். 3ஆம் தேதி திருச்சியிலேயே, குளிக்கப் போன தொட்டியில் இறந்து கிடந்தார்.

அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ராணியின் நினைவுதான் வருகிறது. படத்தில் அவளுக்கு இடமில்லை. வாரிசைக் காட்டுகிற படத்தில் தகப்பனும் மகனும் போதும் என்பது அந்தக் காலத்து வழக்கு. ஆனால் கோயாவின் பூனைகளைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இரண்டு முறை நூல் அறுந்ததைப் பார்த்தவள். மூன்றாவதை விடாமல் பிடித்துக்கொண்டாள். சித்திரக்காரர் எழுதிய பிள்ளை முகத்துக்குப் பின்னால் இருப்பது அவளுடைய பிடிவாதம்.

சரபோஜி படங்களை அலங்காரத்துக்காக மட்டும் வைத்திருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தன்வந்திரி மகால் என்ற தம் வைத்தியசாலைக்கு வந்த கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரையவைத்து, நோயையும் சிகிச்சையையும் கூடவே எழுதவைத்தார். பறவை, விலங்கு, பூச்சி என்று தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள் வரைந்த 117 படங்கள் ரெசிடெண்ட் டோரின் வழியாக லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1820இல் பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போய் 1822இல் திரும்பியவர், அந்த யாத்திரையில் கண்ட படித்துறைகளையும் படமாக்கினார். எதைக் கண்டாலும் பதிவு செய்து வைக்கிற மனிதர். மகனோடு தன்னைப் பதிவு செய்துகொண்டதும் காசியிலிருந்து திரும்பிய வருஷங்களில்தான்.

1832 மார்ச்சில் சரபோஜி இறந்தார். படத்தில் இருந்த பிள்ளை பட்டத்துக்கு வந்தான். நோஞ்சான் என்று அம்மா பயந்த பிள்ளை இருபத்து மூன்று வருஷம் மன்னராக இருந்தது ஒரு வெற்றிதான். ஆனால் அவருக்கு ஆண் வாரிசு பிறக்கவில்லை. பல பெண்களை மணந்தும் பலன் இல்லை. 1855 அக்டோபர் 29ஆம் தேதி அவர் காலமானபோது, ஆண் வாரிசு இல்லை என்று காரணம் சொல்லிக் கம்பெனி தஞ்சாவூர் ராஜ்யத்தை முடித்துவைத்தது. மறு வருஷம் அரண்மனைக்குள் நுழைந்து சொந்தச் சொத்துகளையும் பூட்டி முத்திரை வைத்தார்கள். அவருடைய ராணி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். சென்னையில் ஜெயித்த வழக்கு 1859இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றது. அரசு செய்த காரியத்தில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று தீர்ப்பு. ஆனாலும் 1862இல் சொத்துகளை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். எது வராமல் போகும் என்று சரபோஜி அஞ்சினாரோ அது மகன் காலத்தோடு வராமலே போயிற்று.

சரபோஜி வாங்கிய புத்தகங்கள் சேர்ந்த அரண்மனை நூலகமான சரஸ்வதி மகால் 1918 அக்டோபரில் பொது நூலகமாயிற்று. அரச குடும்பத்தார் சுவடிகளோடு ஒரு லட்சம் ரூபாயும் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் பட்டாவாக இருந்தது அன்றிலிருந்து ஊர்ச் சொத்து. குத்தாலத்துக்காரனுக்கும் அதில் பங்கு உண்டு. கிஸ்தி கட்டியவன் பேரன் என்ற முறையில் அந்தப் பங்கை நான் கூச்சமில்லாமல் கோருவேன்.

அந்தச் சரஸ்வதி மகாலிலிருந்துதான் படம் திருடுபோனது என்று சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 2022 ஜூலையில் அறிவித்தது. அதற்குள் படம் ஒரு சுற்று சுற்றி முடித்திருந்தது. நியூயார்க் மேடிசன் அவென்யூவில் சுபாஷ் கபூர் நடத்திய கலைப்பொருள் கடை அதன் முதல் நிறுத்தம். கோயாவின் மனுவேல் இருக்கும் மெட்ரோபாலிட்டனுக்கு நடந்து போகும் தூரம்தான். 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் உள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 35,000 டாலர் கொடுத்து அதை வாங்கியது.

அந்தச் சேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கீழைக் கடல்களுக்குப் போய்வந்த கப்பல் தலைவர்கள் ஒரு சங்கம் அமைத்து, போன இடங்களில் கண்ட அபூர்வப் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு வந்து வைத்ததுதான் அந்த அருங்காட்சியகத்தின் ஆரம்பம். சங்கம் தொடங்கிய வருஷம் 1799. தஞ்சாவூரில் சரபோஜி நாட்டை எழுதிக் கொடுத்த அதே வருஷம். இந்தியக் கலையை மதித்துச் சேர்க்கிற இடம் அது. ஹெர்விட்ஸ் தம்பதி சேர்த்த நவீன இந்திய ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆகவே என் மனத்தாங்கல் கூடுதலாகிறது. வாங்கியவர்களுக்குப் படத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் இல்லை. தஞ்சாவூர் மன்னர் சரபோஜியும் மகன் சிவாஜியும் என்று தலைப்பே போட்டிருந்தார்கள். பெயர் தெரியும், ஊர் தெரியும். அந்த ஊரில் அந்த மன்னரின் பெயரால் நடக்கும் நூலகம் உலகத்துக்கே தெரியும். ஒரு கடிதம் எழுதி, இது உங்களுடையதா என்று கேட்டிருக்கலாம். விற்றவர் நீட்டிய பூர்வீகச் சான்றை நம்பினார்கள். அது பொய்ச் சான்று.

நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சரஸ்வதி மகாலிலிருந்து 2005இல் காணாமல்போன இன்னொரு பொருள், சீகன்பால்க் 1715இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு. சரபோஜியின் கையொப்பம் உள்ள பிரதி. அது லண்டனில் இருப்பதும் 2022இல்தான் வெளியே வந்தது. கையெழுத்துப் போட்ட புத்தகமும், முகம் எழுதிய படமும் வாசலைத் தாண்டிப் போயிருக்கின்றன. வீட்டுச் சாமான் பட்டியல் சரியாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் இருந்து, வருஷத்துக்கு ஒரு முறை சரிபார்த்திருந்தால் காணாமல்போன மறுநாளே உலகத்துக்குச் சொல்லியிருக்கலாம். கோயில் சிலைகள் பலவற்றை மீட்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1950களிலிருந்து எடுத்து வைத்த புகைப்படங்கள்.

கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2012 ஜூலையில் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்குப் பத்து வருஷத் தண்டனை விதித்தது கும்பகோணம் நீதிமன்றம். நாள் 2022 நவம்பர் 1. அது உடையார்பாளையம் கோயில் சிலைகள் வழக்கு. குத்தாலத்தில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கும்பகோணம். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு விற்றவர் கடைசியில் நம் ரயில் பாதையிலிருக்கும் ஒரு கோர்ட்டில் நின்றார் என்பதில் எனக்குத் திருப்தி உண்டு.

படத்தின் கதை அந்த வழக்கில் சேரவில்லை. கபூர் கொடுத்த சான்று பொய் என்று ஆனபின் 2015இல் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் அதை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்தது. யுனெஸ்கோ ஒப்பந்தத்தின்படி அதைச் சரஸ்வதி மகாலில் சேர்ப்போம் என்று நம் காவல்துறை சொன்னது 2022இல். அதற்கு முன்னால் இங்கே செய்து வைக்க ஒரு வேலை இருக்கிறது. தஞ்சாவூர் மராட்டிய அரண்மனையின் வரவு செலவு, மராத்தியை எழுதிய பழைய மோடி எழுத்தில் கட்டுக் கட்டாக இருக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. இன்னும் படிக்க வேண்டியவை ஏராளம். யாருக்கு எவ்வளவு கூலி, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிவைத்த கணக்குகள் அவை. மோடி படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும்படி இருக்கிறார்கள். இளைஞர்கள் சிலருக்கு உதவித்தொகை கொடுத்து அந்த எழுத்தைப் பழக்கலாம்; 1822க்கும் 1827க்கும் இடைப்பட்ட கட்டுகளை அவர்கள் தேடிப் பார்க்கட்டும். ராஜாவின் பெயர் தெரியும், பிள்ளையின் பெயர் தெரியும், வாங்கியவர், விற்றவர் பெயர்கூடத் தெரியும். அந்த வெளிறிய பையனின் முகத்தை எழுதிய சித்திரக்காரரின் பெயரைத்தான் இன்னும் ஒருவரும் சொல்லக் காணோம்.